ஓநாய் வாசலுக்கு வந்தால்

தேய்ந்து சில்லாகிப்போன சோப்புத் துண்டுகளை வெந்நீரில் ஊறவைத்து, பழைய பற்பொடி டப்பாவுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார் கேப்டன். பச்சைக்கு மேல் ரோஜா நிறம், ரோஜாவுக்கு மேல் வெள்ளை. ஓரத்தில் பிதுங்கி வருவதை விரல் நுனியால் வழித்து நடுவில் வைத்து மறுபடி அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே காற்று நின்றுவிடும். இரண்டு நாளில் பிளந்துகொள்ளும். இரவெல்லாம் உலரவிட்டு, காலையில் டப்பாவைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினால் முழுச் சோப்பு உள்ளங்கையில் வந்து உட்காரும். கடையில் வாங்குவதைவிட இதுதான் பார்வைக்கு லட்சணம் என்பது அவர் கட்சி. குளியலறையில் முக்காலி போட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்வார். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் தாழ்ப்பாள் தாழ்ப்பாள்தான்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மருமகளின் குரல் கேட்டது.

“எங்க வீட்டுல சோப்பு தேஞ்சு போனா தூக்கிப் போட மாட்டோம். எல்லாச் சில்லையும் சேத்து அமுக்கி ஒரே சோப்பா ஆக்கிடுவோம். எங்க மாமா அதுல பெரிய ஆள். இப்படி இருக்கிறதத்தான் இங்கிலீஷ்ல ‘ஸ்க்ரேப்பிங் பை’னு சொல்றாங்க. சுரண்டிச் சுரண்டி நாளத் தள்ளுறது. எங்க, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க பாப்போம்.”

கேப்டனின் கட்டைவிரல் டப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

மருமகள் பாடம் நடத்துவது நாற்பது பேருக்கு. அவர்கள் யாரும் இந்த வீட்டுக்குள் இல்லை; அவரவர் ஊரில், அவரவர் கைபேசிக்குள் இருந்தார்கள். வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வகுப்பில் சேரும் லாரிக்காரர், தையல் கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் வைக்கும் ஒரு அம்மாள், இரவுக் காவலுக்குப் போகுமுன் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காரும் ஒருவர். எல்லாருமே நாலு வார்த்தை ஆங்கிலம் பேசத் தெரிந்தால் இன்னும் ஒரு படி ஏறலாம் என்று நம்புகிறவர்கள். வகுப்பு ஒரு கம்பெனியுடையது. எத்தனை பேர் கடைசிவரை எழுந்து போகாமல் இருக்கிறார்களோ அதைப் பார்த்துத்தான் மருமகளுக்குச் சம்பளம். படுக்கையறையில் கணினிக்கு முன்னால் அவள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் சுவரில் ஈரம் பூத்திருந்தது. அதை மறைக்க வெள்ளை மேசைவிரிப்பு ஒன்றைத் தேய்த்து, மடிப்புக் கலையாமல் ஆணியில் கட்டிக் கொடுத்ததே கேப்டன்தான். அந்த விரிப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவள் இப்படிப் போட்டு உடைக்கிறாள்.

அவரைக் கேப்டன் என்று அழைப்பதற்குக் காரணம் உண்டு. முப்பது வருஷம் பெரிய ஓட்டல் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார். தண்ணீர் ஊற்றும் பையனாக உள்ளே போய், மேசைகளுக்கெல்லாம் பொறுப்பான கேப்டனாக வெளியே வந்தார். “நீங்க கேப்டனா இருந்தது சாப்பாட்டு மேசைக்குங்க, கப்பலுக்கு இல்ல” என்று அவர் மனைவி அவ்வப்போது ஞாபகப்படுத்துவாள். அது அவர் முதுகை ஒரு நூல்கூட வளைத்ததில்லை.

அந்தக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று உள்ளே போக, மற்றது வெளியே வர. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். சட்டி கருகலாம், தலைமைச் சமையல்காரர் கரண்டியை வீசலாம், யாராவது மூலையில் நின்று அழலாம். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் கால் வைக்கும்போது பரிமாறுகிறவன் முகத்தில் அதில் ஒன்றும் இருக்கக்கூடாது. விருந்தாளி சமையலறையைப் பார்த்துவிட்டால் சாப்பாடு இறங்காது. இது அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்தது. பிறகு அவர் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தது. வேலையிலிருந்து விடைபெற்றபோது பழைய கோட்டையும் ஒரு வெள்ளித் தட்டையும் கொண்டுவந்ததோடு, அந்த இரண்டு கதவுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அதனால்தான் அந்த வீட்டின் முன்னறையில் நல்ல நாற்காலிகள் மட்டும் இருக்கும். கால் ஆடி, கம்பி போட்டுக் கட்டிய நாற்காலி உள்ளே. வாசல் விளக்கு பிரகாசமானது. உள்ளறை விளக்குகள் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வைப்பவை. மகன் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தான். சம்பளம் வருகிற மாதம் வரும், வராத மாதம் வராது. அவன் சட்டைக் காலர் நைந்தால் கேப்டன் தையலைப் பிரித்து, திருப்பிப் போட்டுத் தைத்துவிடுவார். யாரும் கண்டுபிடித்ததில்லை. இருப்பதைக் கொண்டு இருப்பது அவருக்கு வெட்கமாக இருந்ததே இல்லை. சொல்லப்போனால் அதில் அவருக்கு ஒரு சந்தோஷமே உண்டு. ஆனால் அது கதவுக்கு இந்தப் பக்கத்துச் சந்தோஷம்.

வகுப்பு முடிந்து மருமகள் வெளியே வந்தபோது அவர் முன்னறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி தேநீர்க் குவளைகளைக் கொண்டுவந்து வைத்தாள். காற்றில் என்னவோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போகாமல் அங்கேயே நின்றாள்.

“ஏம்மா, நம்ம வீட்டு சோப்புக்கும் இங்கிலீஷுக்கும் என்ன சம்பந்தம்?”

மருமகள் குவளையை எடுக்கப் போன கையை நிறுத்தினாள். “கேட்டுச்சா மாமா?”

“காதுன்னு ஒண்ணு இருக்கே.”

“புத்தகத்துல இருக்கிற உதாரணத்தச் சொன்னா யாருக்கும் ஒட்ட மாட்டேங்குது மாமா. ஜான்கிறவர் வாடகை கட்ட கஷ்டப்பட்டார்னு போட்டிருக்கான். ஜான் கஷ்டப்பட்டா இவங்களுக்கு என்ன? சோப்பு விஷயத்தச் சொன்னதும் அந்த லாரிக்காரர் இன்னைக்குத்தான் முதமுதலா வாயத் திறந்தார். ‘எங்க வீட்டுலயும் அப்படித்தான் மேடம்’னார். அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. நிறுத்தவே முடியல.”

“அவங்க வீட்டுல அப்படி இருந்தா அவங்க சொல்லிக்கட்டும். நம்ம வீட்டு மானத்தக் கடை விரிச்சாத்தான் பாடம் நடக்குமா?”

“கடை விரிக்கல மாமா.”

“நாலு சுவருக்குள்ள இருக்கிறது நாற்பது பேருக்குத் தெரிஞ்சா அதுக்கு வேற என்ன பேரு? இங்கிலீஷ்ல அதுக்கும் ஏதாவது வெச்சிருக்கானா?”

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “விடுங்களேன். சோப்புதானே. நாம என்ன கிழிஞ்ச உள்பாவாடையா காட்டினோம்?”

“நீ சும்மா இரு.”

“சரி மாமா. இனிமே வீட்டு விஷயம் பேசல” என்றாள் மருமகள். அந்தச் ‘சரி’யில் சம்மதம் இருந்தது, வேறு என்னவோவும் இருந்தது. அவள் நல்ல பெண். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவாள். அதில் கேப்டனுக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இனிமேல் சொல்லாமல் இருப்பது வேறு, சொல்லிவிட்டதை அழிப்பது வேறு. சிந்தியது சிந்தியதுதான். இரண்டு நாள் அதையே மென்றுகொண்டிருந்தார். வெள்ளை விரிப்பில் குழம்புத் துளி விழுந்துவிட்டால் புதிதாக வேலைக்கு வந்தவன் உடனே துணியை எடுத்துத் துடைப்பான். கறை பரவி, நான்கு மேசை தள்ளி இருக்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். தொழில் தெரிந்தவன் அதைத் தொடவே மாட்டான். ஏதோ மேசையைச் சீர் செய்கிறவன்போலப் பூச்சாடியைக் கறைமேல் நகர்த்தி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். சோப்புக் கறையின்மேல் வைக்க என்ன பூச்சாடி இருக்கிறது என்று யோசித்தார். பெட்டியைத் திறந்தார். கோட்டு இருந்தது.

அடுத்த வகுப்பிலும் அதே பாடம்தான் தொடர்ந்தது. கஷ்ட ஜீவனத்தைச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு அல்ல, ஒரு மூட்டையே இருந்தது. தண்ணீருக்கு மேல் தலையை மட்டும் வைத்துக்கொண்டிருப்பதாக ஒன்று. இரண்டு முனையையும் எப்படியோ இழுத்து முட்டவைப்பதாக ஒன்று. கையிலிருந்து நேரே வாய்க்குப் போவதாக ஒன்று. அந்தக் கடைசியைக் கேட்டதும் கேப்டனுக்கே ஒரு கணம் ஆச்சரியமாக இருந்தது. கைக்கும் வாய்க்குமாக இருப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. மருமகள் சொன்னபடியே வீட்டை உள்ளே இழுக்காமல் நடத்திக்கொண்டிருந்தாள். ஜான் கஷ்டப்பட்டார். ஜானின் மனைவி கஷ்டப்பட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. மூன்றாவது தட்டு கூடாது. அது அவசரத்தைக் காட்டும்.

கேப்டன் உள்ளே வந்தார். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள். கடைசிப் பொத்தான் போயே பல வருஷமாகிவிட்டது. அதைத் தட்டு மறைத்துக்கொண்டது. இடது முழங்கையில் மடித்த துண்டு. வெள்ளித் தட்டில் கெண்டியும் குவளையும். கணினியின் கண்ணில் சரியாகப் படும் இடத்தில் நின்று, இடுப்பிலிருந்து மட்டும் சற்றே வளைந்து, “யுவர் டீ, மேடம்” என்றார். கெண்டியை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி ஊற்றினார். ஒரு துளி தெறிக்கவில்லை. “வில் தட் பி ஆல், மேடம்?”

மருமகள் அவரைப் பார்த்தாள். பிறகு ரொம்ப மெல்ல, “தேங்க் யூ” என்றாள்.

முதுகைக் காட்டாமல் மூன்று அடி பின்வாங்கி, கதவை ஓசையில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தார் கேப்டன். மார்புக்குள் ஏதோ இறகு விரித்தாற்போலிருந்தது. குளியலறைக்குள் நுழைந்து சுவரில் காதை வைத்தார்.

லாரிக்காரரின் குரல் கேட்டது. “மேடம், உங்க வீட்டுல வேலைக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?”

கேப்டன் தலையை ஆட்டிக்கொண்டார். பூச்சாடி உட்கார்ந்துவிட்டது.

மருமகளிடமிருந்து பதில் இல்லை. இப்போது பொத்தான் வைக்கும் அம்மாள் பேசினாள். கோபமில்லாத குரல்; அதுதான் கஷ்டமாக இருந்தது. “அப்ப அந்த சோப்புக் கதை எல்லாம் எங்களப் பேச வெக்கறதுக்காகச் சொன்னதா மேடம்? நான் நெஜம்னு நெனச்சு எங்க வீட்டு விஷயத்தயெல்லாம் சொல்லிட்டேனே. என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு.”

ஒவ்வொருவராக விலகும்போது கணினி எழுப்பும் சின்ன மணிச் சத்தம் ஒன்று கேட்டது. இன்னொன்று. அப்புறம் சொட்டுச் சொட்டாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. “இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாம்” என்றாள் மருமகள்.

அவள் வெளியே வந்தபோது கையில் அந்தக் குவளை அப்படியே இருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அதை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். சத்தம் போடுவாள் என்றால் கேப்டன் அதற்குத் தயாராக இருந்தார். அவள் சத்தம் போடவில்லை.

“நீங்க யாருன்னு கேட்டாங்க மாமா. நான் சொல்லல.”

“ஏன் சொல்லல? கேட்டா சொல்ல வேண்டியதுதானே?”

“என்னன்னு சொல்றது? எங்க மாமாதான் வேலைக்காரர் வேஷம் போட்டுட்டு வந்திருக்கார்னா?” அவள் குவளையைச் சற்றுத் தள்ளி வைத்தாள். “நான் பொய் சொன்னவளாவே இருந்துட்டுப் போறேன். உங்கள நாற்பது பேர் முன்னாடி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரல.”

உள்ளே போய்விட்டாள். கேப்டன் கோட்டைக் கழற்றக்கூட மறந்து அப்படியே நின்றார். தன் வீட்டிலேயே தான் வேலைக்காரனாக வளைந்து நின்றது அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை. முப்பது வருஷம் செய்த வேலை. உடம்பு தானாகச் செய்துவிட்டது. வீட்டின் கௌரவத்தைக் காப்பாற்றப் போய், வீட்டுப் பெரியவரே வேலையாளாகிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பெண் அதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு, அவருடைய மானத்தைத் தன் வார்த்தையால் போர்த்தி மூடியிருக்கிறாள். அவர் அவளுக்காகச் செய்ததாக நினைத்ததை, அவள் அவருக்காகச் செய்திருக்கிறாள்.

மனைவி அந்தக் குவளையை எடுத்துத் தானே குடித்தாள். வீணாக்க முடியாதல்லவா. “நல்ல டீ. ஆறிப்போச்சு” என்றாள். பிறகு அவர் கையிலிருந்த வெள்ளித் தட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “தட்டு பளபளன்னுதான் இருக்கு. ஓட்டல்ல இதுமேல கவுத்து வெக்கிற மூடியும் பளபளன்னு இருக்கும். திறந்தா உள்ள சொன்ன பண்டம் இருக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க?”

சொல்வார். ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். சமையலறையைக் காட்டாதே, ஆனால் தட்டில் வைத்ததைப் பற்றிப் பொய் சொல்லாதே. நேற்றுப் பிடித்த மீனை இன்று பிடித்தது என்று சொன்ன ஒருவனை அவர் கூடத்துக்குள்ளேயே விட்டதில்லை. கதவு வேறு, மூடி வேறு. இவ்வளவு வயசுக்கு மேல் அந்த இரண்டையும் குழப்பிக்கொண்டாரே என்று தன்மேலேயே அவருக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த வகுப்புக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. அதற்கடுத்ததற்கும் அப்படித்தான். இப்படியே போனால் வகுப்பை வேறொருவரிடம் சேர்த்துவிடுவோம் என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்திருப்பதாக மகன் தன் அம்மாவிடம் சொல்ல, அவள் கேப்டனிடம் சொன்னாள். அந்தச் சம்பளம் போனால் வீட்டில் எதெது நிற்கும் என்று யாரும் பட்டியல் போடவில்லை. போடத் தேவையில்லை. ஆனால் கேப்டனை உறுத்தியது அது மட்டுமல்ல. இந்தக் குடும்பத்தில் வசதி இல்லாதவர்கள் இருந்திருக்கிறார்கள். பொய் சொன்னவர் என்று பெயர் வாங்கியவர் யாருமில்லை. வாங்கிக் கொடுத்தவர் அவர் என்றால், அதைத் திருப்பி எடுக்க வேண்டியவரும் அவரே. அதற்கு இன்னொருவரை அனுப்ப முடியாது.

அன்று மாலை சவரம் செய்துகொண்டார். காலர் திருப்பிய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். சோப்பை ஒரு சின்னத் தட்டில் வைத்தார். வெள்ளித் தட்டில் அல்ல. உட்கார ஏதாவது வேண்டுமே என்று பார்த்தபோது கைக்கு அகப்பட்டது கம்பி கட்டிய நாற்காலி. ஒரு கணம் தயங்கி, அதையே தூக்கிக்கொண்டார்.

கதவில் இரண்டு தட்டு. “உள்ள வரலாமாம்மா?”

மருமகள் திரும்பிப் பார்த்தாள். முதலில் கண்கள் அவர் தோளுக்குப் போயின. கோட்டு இல்லை. “வாங்க மாமா” என்றாள். ‘மாமா’ என்பதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். திரையில் சின்னச் சின்னச் சன்னல்களாகப் பத்துப் பன்னிரண்டு முகங்கள். லாரிக்காரர் வண்டிக்குள்ளேயே இருந்தார். பொத்தான் அம்மாள் முகத்தைக் காட்டவில்லை. பெயர் மட்டும் இருந்தது. இவ்வளவு பேருக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவது கேப்டனுக்குப் புதிது. அவர் வாழ்க்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் எப்போதும் மற்றவர்களாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

“குட் ஈவினிங்” என்றார். “ஐ ஆம் நாட் த வெயிட்டர். ஐ ஆம் ஹெர் ஃபாதர் இன் லா.”

“அன்னைக்கு டீ கொண்டுவந்தது நீங்கதானே ஐயா?” என்றார் லாரிக்காரர்.

“நான்தான். இந்த வீட்டுல வேலைக்கு ஆள் கிடையாது. அந்தக் கோட்டு நான் வேலை பார்த்த இடத்துல குடுத்தது. கடைசிப் பொத்தான் இல்ல. உங்க மேடம் சொன்னதெல்லாம் நெஜம். அத மறைக்கணும்னு அன்னைக்கு நான்தான் கோட்டப் போட்டுட்டு வந்தேன்.” சட்டையின் கைமடிப்பைச் சரி செய்துகொண்டார். சோப்பை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தார். “இதுதான் அது.”

பச்சையும் வெள்ளையும் ரோஜாவுமாக அது திரையின் மூலையில் ஒரு இனிப்புப் பண்டம்போலத் தெரிந்தது. திடீரென்று பொத்தான் அம்மாளின் பெயர் இருந்த இடத்தில் முகம் வந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள்.

“ஐயா, அது எப்படி ஒட்டுது? நான் அமுக்கினா ரெண்டே நாள்ல தனித்தனியா வந்துருது.”

“எதுலம்மா ஊறப் போடுறீங்க?”

“பச்சத் தண்ணியிலதான்.”

“அதான். வெந்நீர்ல போடணும். அமுக்கும்போது அவசரப்படக் கூடாது. உள்ள காத்து நின்னுடும்.” அவர் குரல் தானாகக் கூடத்துக் குரலாகிவிட்டது. “அப்புறம் ஒண்ணு. அடர்த்தியான நிறம் அடியில இருக்கணும். வெளிர் நிறம் மேல. மாத்தி வெச்சா அழுக்கா இருக்கிற மாதிரி தெரியும். பார்வைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“ஆமா ஐயா, அது இருக்கு” என்றாள் அம்மாள் மிகுந்த மரியாதையோடு.

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு கணினியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தாள். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது. “சரி, பாடத்துக்கு வருவோம். இந்த வரிசையில கடைசியா ஒண்ணு பாக்கி. பசிய ஒரு ஓநாயா நெனச்சுக்கங்க. அது உங்க வீட்டு வாசலுக்கு வந்து நிக்குது. உள்ள வர விடாம தெனமும் எப்படியோ சமாளிக்கிறீங்க. அதத்தான் ஓநாய வாசலோட நிறுத்துறதுன்னு சொல்றாங்க. ‘கீப் த வுல்ஃப் ஃப்ரம் த டோர்.’ எங்க, உங்க வீட்டு ஓநாயப் பத்திச் சொல்லுங்க.”

“எங்க ஓநாய்க்கு என் லாரி சத்தம் நல்லாத் தெரியும் மேடம்” என்றார் லாரிக்காரர். “நான் கிளம்பிப் போனதும் வந்துரும். நான் திரும்பினா தெருமுனையில போய் நின்னுக்கும்.” அதை அவர் ஆங்கிலத்தில் சொல்ல முயன்று நடுவில் மாட்டிக்கொள்ள, மருமகள் கைகொடுத்துக் கரையேற்றினாள். இரவுக் காவல்காரர், தான் ஊரார் வாசலையெல்லாம் காப்பதாகவும் தன் வாசலை மனைவிதான் காப்பதாகவும் சொன்னார். பொத்தான் அம்மாள் தன் ஓநாய்க்கு எப்போதோ பெயரே வைத்துவிட்டதாகச் சொன்னாள். என்ன பெயர் என்று கேட்டதற்கு, “மாமியார் பக்கத்துலதான் இருக்காங்க, அப்புறம் சொல்றேன்” என்றாள். திரை முழுக்கச் சிரிப்பு. கேப்டனும் சிரித்துவிட்டு, சிரித்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“ஐயா சொல்லட்டும்” என்றார் லாரிக்காரர். “ஐயா வீட்டு ஓநாய் எப்படி?”

கேப்டன் யோசித்தார். ஓநாயைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வாசல் தெரியும். வார இறுதியில் கூடம் நிரம்பி வழியும்போது வாசலில் நிற்பது அவர் வேலை. வருகிறவர் பெரிய மனிதர், பசியோடு வருகிறார், பல்லைக் காட்டிக்கொண்டும் வருவார். அவரை உள்ளே விடவும் கூடாது. அவர் மனம் புண்படவும் கூடாது. ஒரு முறை, இரண்டு முறை அல்ல, ஆயிரம் முறை செய்த வேலை. அதை உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாது. எழுந்தார். நாற்காலி ஒரு பக்கம் ஆடி நின்றது. இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்தார். இந்த முறை அவர் யாருக்கும் வேலையாள் அல்ல; தன் வாசலில் தான் நிற்கிறார். இடுப்பிலிருந்து ஒரு நூல் அளவுக்கு வளைந்து, திரைக்கு அப்பால் நிற்கும் ஏதோ ஒன்றைப் பார்த்துச் சொன்னார்:

“குட் ஈவினிங், சார். ஐ ஆம் ஸோ சாரி. நோ டேபிள் திஸ் ஈவினிங்.”

ஒரு வினாடி கழித்துத்தான் அவர்களுக்குப் புரிந்தது. லாரிக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் கை பட்டு வண்டியின் ஒலிப்பான் அடித்துவிட்டது. மருமகள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மனைவியின் சிரிப்பும் கேட்டது.

“நாளைக்கு மறுபடி வருமே ஐயா?” என்றார் லாரிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு.

“வரட்டும். இதே சட்டையோட நிப்பேன். ‘டுமாரோ ஆல்ஸோ, சார்.’”

வகுப்பு முடியும்வரை அன்று யாரும் எழுந்து போகவில்லை. போனவர்கள் திரும்பி வருவார்களா, கம்பெனி என்ன சொல்லும் என்பதெல்லாம் தெரியாது. மருமகள் அதைப் பற்றிப் பேசவில்லை. சோப்பைத் தட்டோடு எடுத்துப்போய்க் குளியலறையில் வைத்துவிட்டு வந்து, “மாமா, கடைசிப் பொத்தானுக்கு அந்த அம்மா பித்தளையில ஒண்ணு அனுப்பறேன்னாங்க. வேணாம்னு சொல்லிட்டேன்” என்றாள்.

“ஏன் வேணாம்னே? நல்ல பொத்தானா?” என்றார் கேப்டன்.

“உங்கள மாதிரி நானும் கொஞ்சம் கௌரவம் பாக்க வேணாமா?”

அவர் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னறைக்குப் போனார். வகுப்பிலிருந்து எடுத்துவந்த நாற்காலியை அங்கேதான் வைத்தார். உள்ளே கொண்டுபோக நினைத்தார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசல் விளக்கைப் போட்டுக் கதவைச் சாத்தப் போனபோது படிக்குக் கீழே ஒரு தெருநாய் நின்றிருந்தது. மெலிந்த, நெடிய காலுள்ள நாய். அது கேப்டனைப் பார்க்கவில்லை. அவருக்கு அப்பால், முன்னறையைத் தாண்டி, கம்பி கட்டிய நாற்காலியைத் தாண்டி, அடுப்பு எரிந்துகொண்டிருந்த உள்ளறையை எட்டிப் பார்த்தது.

கேப்டன் கதவில் வைத்த கையை எடுக்காமல் நிமிர்ந்து நின்றார். சட்டையின் காலரைச் சரி செய்துகொண்டார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும், இடுப்பிலிருந்து ஒரு நூல் அளவுக்கு வளைந்தார்.

நாய் அவரை இப்போதுதான் கவனித்ததுபோல நிமிர்ந்து பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. படியின் ஓரத்தில், விளக்கு வெளிச்சம் விழும் இடத்தில், முன்னங்கால்களை நீட்டி அதன்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. மேசை காலியாகும்வரை காத்திருக்கச் சம்மதித்த விருந்தாளியைப்போல.